தழும்பு ஆறிய பின்னர்



சென்ற மாதம் ஒரு தாய் தம் பதினான்கு வயது மகனுடன் பங்கு இல்லத்திற்கு வந்தார். "இரண்டு வயதிலேயே ஆபரேஷன் முடிந்துவிட்டது, சாமி. பந்து விளையாடுகிறான், மூச்சு வாங்குவதில்லை. பிறகு எதற்கு ஆண்டுதோறும் பஸ் ஏறிப் போய் எக்கோ எடுக்க வேண்டும்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. இருவருக்கும் பஸ் கட்டணம், ஒரு நாள் கூலி எல்லாம் போகிறதல்லவா?

அச்சிறுவனுக்கு இருந்தது 'ஃபாலோ' என்னும் மருத்துவரின் பெயரால் வழங்கும் பிறவிக் கோளாறு. கீழறைகளுக்கிடையே துவாரம், நுரையீரலுக்குச் செல்லும் வழியோ குறுகல், குழந்தை நீலம் பாரித்துப் போகும். 1954-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மின்னசோட்டாவில் டாக்டர் லில்லஹை இதனை முதன்முதலாக முழுமையாகச் சீரமைத்தார். துவாரத்தை அடைத்து, குறுகிய வழியை அகலமாக்குவதே சிகிச்சை. அவ்வாறு அகலமாக்கும்போது பலருக்கு அங்குள்ள வால்வு சரிவர மூடாமற் போகிறது. நுரையீரலுக்கு அனுப்பிய இரத்தத்தில் ஒரு பகுதி ஒவ்வொரு துடிப்பிலும் திரும்பி வருகிறது. வலக் கீழறை இச்சுமையைப் பல ஆண்டுகள் வெளிக்காட்டாமல் தாங்கி, மெல்ல மெல்ல விரிகிறது. பிள்ளையோ ஓடியாடிக்கொண்டிருக்கும்! களைப்பும் படபடப்பும் தோன்றும் வேளையில், அவ்வறையின் தசை மீள முடியாதபடி தளர்ந்திருத்தலும் கூடும். காலத்தே கண்டால் புதிய வால்வு பொருத்தலாம். இன்று சிலருக்கு மார்பைத் திறவாமலே, இரத்தக்குழாய் வழியாகப் பொருத்துகின்றனர்.

அதைக் காலத்தே காட்டுவதுதான் எக்கோ. செவிக்கெட்டாத ஒலியை மார்பினுள் அனுப்பி, எதிரொலியைப் படமாக்கும் கருவி அது. கப்பல் கட்டுவோர் உலோகத்தில் விரிசல் தேடப் பயன்படுத்திய கருவியைக் கொண்டே, 1953-இல் சுவீடன் நாட்டு லுண்ட் நகரில் எட்லர், ஹெர்ட்ஸ் என்னும் இருவரும் இதயத்தை ஆராய்ந்தனர். எக்ஸ்-ரே கதிர் இல்லை, வலியும் இல்லை. திரையில் தோன்றும் சிவப்பும் நீலமும் நல்ல இரத்தம், கெட்ட இரத்தம் என்று பலர் எண்ணி அஞ்சுகின்றனர். அவ்வாறன்று. கருவியை நோக்கி வருவது சிவப்பு, விலகிச் செல்வது நீலம், அவ்வளவே. வலக் கீழறையின் வடிவம் கோணலானது; ஆகவே சில வேளை எம்.ஆர்.ஐ.யும் கேட்பார்கள். அதற்காகக் கலங்க வேண்டாம்.

ஒரே ஒரு படத்தைக் கொண்டு மருத்துவர் எல்லாம் சொல்லிவிட முடியாது. சென்ற ஆண்டின் அளவோடு இவ்வாண்டின் அளவை ஒப்பிட்டால்தான் அறை விரிகின்றதா என்பது விளங்கும். எனவே பழைய அறிக்கைகளைப் பத்திரப்படுத்துங்கள். அத்தாய் மறுநாள் ஒரு துணிப்பையில் அவற்றைக் கொண்டு வந்து காட்டினார். எலி கடித்த ஒன்றைத் தவிர அனைத்தும் இருந்தன. அடுத்த வியாழனன்று தாயும் மகனும் முதல் பஸ்ஸில் ஏறினர்.