எடுத்ததற்கெல்லாம் போமட்டா?

அலைச்சறுக்குக் காலம் முடிந்து அறுகம்பே விடுதிகள் பாதி வெறுமையாகிவிட்ட ஓர் ஒக்டோபரில், நாலு நாள் தங்கி எழுதலாம் என்று கல்முனையிலிருந்து புதிய மடிக்கணினியோடு போயிருந்தேன். அந்த நாலில் இரண்டு நாளை ஒரு விசைப்பலகை மென்பொருள் தின்றுவிட்டது.

முப்பது ஆண்டுகளாகப் பாமினி எழுத்துருவில் பழகிய விரல்கள் என்னுடையவை. 2019 இல் வந்த விண்டோஸ் 10 மேம்படுத்தலிலேயே தமிழ் 99, அஞ்சல் இரண்டும் இருக்கின்றனவே, வேறெதற்கு என்று இளையவர்கள் கேட்பார்கள். விரல்களிடம் கேளுங்கள். பாமினியின் தட்டச்சு முறையிலேயே யுனிகோட் எழுத்தைத் தரும் மென்பொருள் ஒன்றைப் பதிவிறக்கினேன். நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டது. கணினியை ஒழுங்குபடுத்தித் தந்த மருமகனிடம் தொலைபேசியில் கேட்டுக் கொடுத்தேன். பச்சைக் கோடு கடைசி வரை ஓடியது. 'வெற்றிகரமாக நிறுவப்பட்டது' என்று ஆங்கிலத்தில் அறிவித்துவிட்டுப் பெட்டி மூடிக்கொண்டது.

பிறகு தேடினால் ஸ்டார்ட் மெனுவிலும் இல்லை, திரையிலும் இல்லை. மறுபடி நிறுவினேன். மறுபடி வெற்றி. மறுபடி ஒன்றுமில்லை.

பொத்துவிலில் ஒரு கணினிக் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த தம்பி ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "போமட் அடிச்சாத்தான் சேர் சரிவரும்" என்றார்.

இந்த ஒரு சொல்லோடுதான் எனக்குச் சண்டை. நோயாளியைப் புதைத்துவிட்டுக் காய்ச்சல் நின்றுவிட்டது என்று சொல்லும் வைத்தியரை ஊரில் யாரும் ஏற்கமாட்டோம். கணினி விடயத்தில் மட்டும் அதற்குக் கூலியும் கொடுத்து நன்றியும் சொல்கிறோம். எது பிழைத்தது என்பது கடைசிவரை யாருக்கும் தெரிவதில்லை. அதே பிழை அடுத்த மாதம் திரும்பி வருகிறது.

இதில் எனக்குச் சொந்தக் காயமும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இலங்கையில் அதிக உயிர்களைக் கொண்டுபோனது எங்கள் அம்பாறை மாவட்டத்தில்தான். அதற்கடுத்த வாரங்களில் மருதமுனை, சாய்ந்தமருது, கல்முனை என்று தெருத் தெருவாக நடந்து, இறந்தவர்களின் பெயர்களையும் பெற்றோர் பெயர்களையும் குறித்துவந்து பாமினியில் தட்டி வைத்திருந்தேன். சில ஆண்டுகள் கழித்து அச்சுப்பொறி ஒன்று வேலை செய்யவில்லை என்று கணினியை வேறொரு கடையில் கொடுத்தேன். அங்கும் இதே சொல்தான். கோப்புகளைப் பிரதி எடுத்தீர்களா என்று அவர்கள் கேட்கவில்லை; எனக்கும் தோன்றவில்லை. பத்திரிகை நறுக்குகளைக் கொண்டு பாதிப் பெயர்களை மீட்டேன். மீதிப் பாதி இன்றும் இல்லை. அச்சுப்பொறியின் கம்பி தளர்ந்திருந்தது என்பது பிறகு தெரிந்தது.

ஆகவே பொத்துவில் தம்பிக்கு ஸலாம் சொல்லிவிட்டு மடிக்கணினியை அறைக்கே தூக்கி வந்தேன்.

நிறுவிய மென்பொருள் காணாமற் போவதற்குக் காரணங்கள் உண்டு. எல்லாம் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடியவை. விசைப்பலகைகள் பல, சாளரம் திறக்கும் செயலிகளே அல்ல. மொழி அமைப்புகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் தலைகாட்டும். இன்னும் சில, நாம் தட்டுவதை இடைமறித்து வேலை செய்பவை. கடவுச்சொல் திருடும் மென்பொருளும் அப்படியே செய்வதால், விண்டோஸ் டிபென்டர் சந்தேகத்தில் பிடித்துச் சிறைவைத்துவிடும். அதன் பாதுகாப்பு வரலாற்றுப் பக்கத்தில் கைதியின் பெயர் இருக்கும். பாதியில் பிழை நேர்ந்தால் செய்ததையெல்லாம் தானே அழித்துவிட்டுப் பின்வாங்கும் நிறுவிகளும் உள்ளன.

நான் தேடிப் போனது இவென்ட் வியூவர் என்ற நிகழ்வுப் பதிவேட்டை. ஒவ்வொரு விண்டோஸ் கணினியிலும் இருக்கிறது. திறந்து பார்ப்பவரைத்தான் காணோம். விண்டோஸின் சொந்த நிறுவுமுறையைப் பயன்படுத்தும் மென்பொருளானால் 'எம்எஸ்ஐ இன்ஸ்டோலர்' என்ற பெயரில் அங்கே குறிப்பு விழும். 11707 என்ற எண் வெற்றி, 11708 தோல்வி. எனக்கு விழுந்திருந்தது 11707. நிறுவி பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குறிப்பில் பயனர் என்ற இடத்தில் என் பெயருக்குப் பதிலாக மருமகனின் கணக்குப் பெயர் இருந்தது!

கடவுச்சொல் அவருடையது, ஆகவே நிறுவி அவராகவே மாறி, அவருடைய கோப்புறைக்குள் மென்பொருளை வைத்துவிட்டது. எனக்கு வந்த விருந்தாளி பக்கத்து வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கணக்கில் நுழைந்து நீக்கிவிட்டு, 'எல்லாப் பயனர்களுக்கும்' என்பதைத் தேர்ந்து மறுபடி நிறுவினேன். பத்து நிமிட வேலை.

மென்பொருள் செய்தவர்களையும் விடுவதற்கில்லை. 'இன்னாருடைய கணக்கில், இன்ன இடத்தில் வைத்திருக்கிறேன்' என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் பிடிக்கும்? தமிழில் எழுத உதவும் கருவி, அதைத் தமிழில் சொல்லக்கூடாதா?

ஊருக்குத் திரும்பும் வழியில் கடைக்காரத் தம்பியிடம் சொன்னேன். கோபிக்கவில்லை. "சேர், போமட் அடிச்சாக் காசு தருவாங்க. ரெண்டு மணித்தியாலம் தேடிக் கண்டுபிடிச்சா, ஒண்டும் செய்யல்லியே, எதுக்குக் காசு எண்டு கேப்பாங்க" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நானும் அப்படிக் கேட்டிருக்கிறேன். அவர் ஒரு பற்றுச்சீட்டின் பின்புறத்தில் 11707, 11708 என்று இரண்டு எண்களையும் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்தார்.