எட்டாம் வகுப்போடு கைகழுவாதீர்கள்: கண்ணகி நகர் முதல் பெரும்பாக்கம் வரை ஒரு கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் பள்ளிக்கல்வித் துறை, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், பெருநகர சென்னை மாநகராட்சி, செங்கல்பட்டு மாவட்ட நிர்வாகம்.

கண்ணகி நகர், எழில் நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளின் பெற்றோரும், படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளும், படிப்பை நடுவில் விட்ட பிள்ளைகளும் சேர்ந்து இதை எழுதுகிறோம். விட்ட பிள்ளைகளின் பெயர் எந்த மனுவிலும் இதுவரை வந்ததில்லை. இதில் அவர்கள்தான் முதலில் கையெழுத்துப் போடுகிறார்கள்.

கூவம் கரையிலிருந்தும் அடையாற்றுக் கரையிலிருந்தும் சுனாமி அடித்த கடற்கரைக் குப்பங்களிலிருந்தும் எங்களை இங்கே கொண்டுவந்தீர்கள். கண்ணகி நகருக்கு இப்போது வயது கால் நூற்றாண்டு. 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்கு லாரி லாரியாக ஆள் வந்து இறங்கியது. அண்டா, கட்டில், தையல் மிஷின் எல்லாம் லாரியில் ஏறின. பள்ளிக்கூடம் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. சிந்தாதிரிப்பேட்டையில் நடந்து போய்ப் படித்த பிள்ளைக்கு அதே வகுப்பறை ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தள்ளிப் போனது. கொஞ்ச நாள் விடியற்காலை பஸ் பிடித்துப் போனார்கள். அப்புறம் வாரத்துக்கு மூன்று நாள். அப்புறம் பரீட்சைக்கு மட்டும். அப்புறம் அதுவும் இல்லை.

ஒரு மாலையை மட்டும் சொல்கிறோம். பெரும்பாக்கத்து எட்டு மாடி பிளாக், லிஃப்ட் ஓடாத நாள். நாலாவது மாடித் திருப்பத்தில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கணக்கு போட்டுக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்குள் இடமில்லை, நைட் ஷிப்ட் செக்யூரிட்டி வேலைக்குக் கிளம்பும் அப்பா தூங்குகிறார், தம்பி டிவி பார்க்கிறான். கீழிருந்து தண்ணீர்க் குடத்தோடு யார் ஏறினாலும் நோட்டை மடக்கி, காலை ஒடுக்கி, சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒரு கணக்கு முடிவதற்குள் மூன்று குடம் ஏறிவிடும். இந்தப் பெண் கணக்கில் ஃபெயிலானால் பட்டியலில் "கற்றலில் பின்தங்கியவர்" என்று எழுதுவீர்கள்.

எனவே கேட்கிறோம்: ஒவ்வொரு குடியிருப்பிலும் நடந்து போகும் தூரத்தில், இரவு பத்து மணி வரை திறந்திருக்கும் படிப்புக்கூடம் வேண்டும். கொளத்தூரில் 2024இல் முதல்வர் படைப்பகம் திறந்தீர்கள். மேசை, நாற்காலி, இணையம், படிக்கிற பிள்ளைக்கு அமைதி எல்லாம் அங்கே உண்டு. அதைப் பார்த்துவிட்டு வந்துதான் கேட்கிறோம், கற்பனையில் அல்ல. தனிக் கட்டடம் கட்டும்வரை எங்களால் காத்திருக்க முடியாது. பள்ளிக்கூடங்களே மாலை ஐந்துக்குப் பூட்டிக் கிடக்கின்றன, அவற்றைத் திறந்துவிடுங்கள். வாட்ச்மேன் சம்பளம், கரண்ட் பில், பெண் பிள்ளைகள் வீடு திரும்பும் வழியில் எரிகிற தெருவிளக்கு, இவ்வளவுதான் செலவு. படிக்க வந்தவர்கள் வீடு திரும்பிய பிறகே பூட்ட வேண்டும் என்பதையும் எழுதிவைக்கச் சொல்கிறோம், ஏனென்றால் சாவிக்காரர் அவசரத்தில் நின்றுபோன ட்யூஷன்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இனி, தலைப்பில் சொன்ன விஷயம். கல்வி உரிமைச் சட்டம் 6 வயதிலிருந்து 14 வயது வரைக்கும்தான். இல்லம் தேடிக் கல்வி என்ற மாலை வகுப்புத் திட்டம் 2021இல் வந்தது. எங்கள் தெருப் பெண்களே தன்னார்வலர்களாக நின்று நடத்தினார்கள், நன்றாகவே நடத்தினார்கள். அதுவும் எட்டாம் வகுப்பு வரைதான் இருந்தது. காலைச் சிற்றுண்டி தொடக்கப் பள்ளியோடு சரி. மறுபக்கம், 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயது முடிந்த பிள்ளை ஆபத்தில்லாத வேலைக்குப் போகலாம். சட்டம் ஒரு கையை எடுக்கிற அதே பிறந்தநாளில் வேலை இன்னொரு கையைப் பிடிக்கிறது. கேட்டரிங்கில் பரிமாறப் போனால் அன்றிரவே கையில் காசு, கூடவே ஒரு பார்சல் பிரியாணி. ஒன்பதாம் வகுப்பு அல்ஜிப்ராவால் அதனோடு போட்டி போட முடியாது.

அதனால் 14 முதல் 21 வயது வரை உள்ளவர்களுக்கென்று தனித் திட்டம் வேண்டும். பத்தாம் வகுப்பில் ஒன்றிரண்டு பாடத்தில் தவறியவர்களுக்குத் துணைத்தேர்வு வரை தினசரி மாலை வகுப்பு நடத்துங்கள். பள்ளியை முழுக்க விட்டவர்கள் தனித்தேர்வராக எழுதுவதற்கு ஃபீஸ் கட்டுவதும், அறிவியல் செய்முறைக்குப் பதிவு செய்வதும், ஆன்லைனில் விண்ணப்பிப்பதும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கவுண்டராக அலைகிற வேலை. ஒரே மேசையில் முடித்துத் தருகிற ஆளை இங்கேயே உட்கார வையுங்கள். அப்படிப் படிப்பவர்களுக்கும் இலவச பஸ் பாஸ் கொடுங்கள். அக்காவுக்குச் சாதாரண பஸ்ஸில் கட்டணமில்லை, பள்ளிக்குப் போகும் தம்பிக்குப் பாஸ் உண்டு. பள்ளியை விட்டு மறுபடி எழுதப் போகிற அண்ணனுக்கு மட்டும் டிக்கெட்.

அடுத்தது எமிஸ், பள்ளிப் பிள்ளைகளின் பெயர்ப் பதிவு இருக்கும் கணினித் தளம். படிக்காதவர்களுக்குப் புரியாத விஷயம் இது, படித்தவர்களுக்கும்தான். பிள்ளை ஒரு பள்ளியை விட்டால் அந்தப் பெயர் கணினியில் "காமன் பூல்" என்ற இடத்துக்குப் போகிறது. அடுத்த பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். எங்களில் ஒரு தாய், மகனின் பெயர் பழைய பள்ளியிலிருந்து இறங்கவில்லை என்பதற்காக டி.சி.யைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு நான்கு முறை இரண்டு பஸ் மாறிப் போய்வந்தார். ஒவ்வொரு முறையும் அரை நாள் கூலி போச்சு. பையன் அதற்குள் பெயின்டிங் கான்ட்ராக்டரோடு சேர்ந்துவிட்டான். மறுகுடியமர்வு நடக்கும் இடத்துக்கே பள்ளிக்கல்வித் துறை ஊழியர் வந்து, டி.சி., எமிஸ் மாற்றம், புதுப் பள்ளிச் சேர்க்கை மூன்றையும் லாரி புறப்படுவதற்கு முன் முடிக்க வேண்டும்.

லாரியே படிப்பு நடக்கும் மாதங்களில் வரக் கூடாது. 2019 டிசம்பர் கடைசியில், அரையாண்டு முடிந்து பொதுத்தேர்வு நெருங்கும் நேரத்தில், கூவம் கரைச் சத்தியவாணி முத்து நகர் வீடுகள் இடிபட்டதை இந்த நகரம் பார்த்தது. ஜூன் முதல் ஏப்ரல் வரை எந்தக் குடியிருப்பையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று அரசாணை போடுங்கள். ஆற்றைத் தூர்வாரும் வேலை மே மாதத்துக்குக் காத்திருக்கும்.

இன்னொரு அநியாயம் வெளியே அவ்வளவாகத் தெரியாது. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது, மறுவருடம் பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் நீட்டினீர்கள். கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் 2022இல், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் 2024இல், மாதம் 1,000 ரூபாய். எல்லாமே நல்ல திட்டங்கள், மனதாரச் சொல்கிறோம். ஆனால் இவற்றுக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிப் படிப்பைக் கேட்கிறீர்கள். உதவித்தொகைக்கு அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்திருந்தாலும் போதும். இங்கே வந்திறங்கிய புதிதில் பக்கத்தில் சேர்க்கப் பள்ளி இல்லாமல், வட்டிக்கு வாங்கி ஒரு வருடம், இரண்டு வருடம் சின்னத் தனியார் பள்ளியில் போட்ட வீடுகள் உண்டு. அந்த ஒரு வருடத்துக்காகப் பிள்ளை எல்லாவற்றையும் இழக்கிறது. வாழ்விட வாரியத்தின் வீட்டு ஒதுக்கீட்டு ஆணையைக் காட்டினால் அந்த இடைவெளியைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

தொழிற்பயிற்சி பற்றிக் கொஞ்சம் கசப்பாகவே எழுதுகிறோம். ராஜீவ் காந்தி சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள் எங்கள் மொட்டை மாடியிலிருந்து தெரியும். அங்கே கூட்டவும் துடைக்கவும் எங்கள் அம்மாக்கள் போகிறார்கள். பயிற்சி என்று வருபவை பெரும்பாலும் இரண்டு மூன்று மாத வகுப்பு, ஒரு டி-ஷர்ட், குரூப் போட்டோ, சான்றிதழ். எத்தனை சான்றிதழ் கொடுத்தோம் என்று கணக்குக் காட்டுவதை நிறுத்துங்கள். ஒரு வருடம் கழித்து அதே வேலையில் இருப்பவர் எத்தனை பேர், சம்பளம் என்ன என்பதைக் குடியிருப்பு வாரியாக அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். நான் முதல்வன் திட்டத்தின் பாடங்கள் பெரும்பாலும் கல்லூரிக்குள் இருப்பவர்களுக்கு; வாசலுக்கே வராதவர்களுக்கும் ஒரு கதவு வையுங்கள். கிண்டி ஐ.டி.ஐ. வரை போய்வர முடியாதவர்களுக்காக வெல்டிங், ஏ.சி. மெக்கானிக், எலெக்ட்ரீஷியன் பிரிவுகளோடு இங்கே ஒரு கிளை வேண்டும். பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை மாதா மாதம் வர வேண்டும், கோர்ஸ் முடிந்தபின் மொத்தமாக அல்ல.

கண்ணகி நகர் மாநகராட்சி எல்லைக்குள், பெரும்பாக்கம் ஊராட்சி. நடுவில் சில கிலோமீட்டர்தான். ஒரு பக்கத்துப் பிள்ளைக்குக் கிடைப்பது மறுபக்கத்துக்கும் கிடைக்க வேண்டும். யார் பொறுப்பு என்று எங்களைப் பந்தாட வேண்டாம்.

அடுத்தது அட்ரஸ் விஷயம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் ஆடிய கார்த்திகா எங்கள் கண்ணகி நகர்ப் பெண். அந்த வாரம் கேமராக்கள் வந்தன. ஆனால் இன்டர்வியூவில் ஊர்ப் பெயரைச் சொன்னதும் முகம் மாறுவதும், "கூப்பிடுறோம்" என்று அனுப்பிவிடுவதும் எங்கள் பிள்ளைகளுக்குப் பழகிப்போனது. சிலர் பயோடேட்டாவில் துரைப்பாக்கம் என்று மட்டும் போடுகிறார்கள். அரசிடம் பயிற்சி ஒப்பந்தம் பெறும் நிறுவனம் முகவரியைக் காரணமாக வைத்துக் கழித்தால் ஒப்பந்தம் ரத்து என்று விதி சேருங்கள். எங்கள் பெயரோடு ஒட்டிய இன்னொன்று: காவல்துறை நடத்தும் சிறார் மன்றங்கள் மேல் எங்களுக்குக் குறை இல்லை. ஆனாலும் எங்கள் பையன்கள் கேரம் ஆடவும் புத்தகம் எடுக்கவும் போகிற முதல் இடம் போலீஸ் சம்பந்தப்பட்டதாக இருப்பது சங்கடம். நூலகம் அந்த இடமாக இருக்கட்டும்.

இவற்றைக் கண்காணிக்கக் குழு அமைப்பீர்கள் என்று தெரியும். அதில் பாதிப்பேர் இந்தக் குடியிருப்புக்காரர்களாக இருக்க வேண்டும். படிப்பை விட்ட இளைஞர் இருவராவது இருக்க வேண்டும். பதிலை எழுத்தில், தமிழில், துறைவாரியாகத் தேதி போட்டுத் தாருங்கள். பேச அழைப்பதானால் கூட்டத்தை இங்கேயே, மாலை ஏழு மணிக்கு மேல் வையுங்கள். பகலில் எங்கள் வீடுகளில் ஆள் இருக்காது.