மண்ணைப் பேசாத ஒற்றுமை

எத்தியோப்பியாவின் மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஓரோமோ மக்கள். 2018 ஏப்ரலில் அபிய் அகமது பிரதமரானபோது, அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் ஓரோமோ என்று கொண்டாடினார்கள். சிறைக் கதவுகள் திறந்தன. எரித்ரியாவில் இருந்த ஓரோமோ விடுதலை முன்னணியினர் நாடு திரும்பினர். ஆனாலும் ஓரோமோ மக்களின் மாநிலமான ஓரோமியாவில் துப்பாக்கிகள் ஓயவில்லை. முன்னணியிலிருந்து பிரிந்த ஓரோமோ விடுதலைப் படையோடு அரசு 2023இல் தான்சானியாவில் இரண்டு சுற்றுப் பேசியும் பலனில்லை. ஒற்றுமை இல்லாததே இந்த நிலைக்குக் காரணம் என்கிறார்கள். எதன்மேல் ஒற்றுமை என்பதை முதலில் கேட்டாக வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் இரண்டாம் மெனெலிக்கின் படைகள் தெற்கே ஓரோமோ நிலங்களுக்குள் இறங்கின. வென்ற நிலத்தோடு அதில் வாழ்ந்த குடிகளும் படைவீரர்களுக்குப் பங்கிடப்பட்டார்கள். உழவர்கள் சொந்த மண்ணிலேயே வாரம் அளந்து, வெட்டி வேலை செய்தார்கள். 1960களில் பாலே மலைப்பகுதியில் வாக்கோ குட்டு தலைமையில் மூண்ட கிளர்ச்சிக்கு வரிச்சுமையும் நிலப்பறிப்பும் முக்கியக் காரணங்கள். அதே காலத்தில் பள்ளியும் சாலையும் கட்டப் புறப்பட்ட மெச்சா-துலாமா சங்கம் 1967இல் தடைசெய்யப்பட்டது. ஓரோமோ மக்களில் முஸ்லிம்கள், ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள், புராட்டஸ்டன்டுகள், தொல்சமயத்தவர் எல்லாரும் உண்டு. அவர்களை மதம் ஒன்றாக்கவில்லை. பறிபோன நிலம் ஒன்றாக்கியது.

1965இல் அடிஸ் அபாபா மாணவர்கள் ‘உழுபவருக்கே நிலம்’ என்று வீதியில் இறங்கினார்கள். 1975 மார்ச்சில் ராணுவ அரசு நிலப்பிரபுத்துவத்தை ஒழித்தது. குத்தகை ஒழிந்தது, உடைமை அரசின் கைக்குப் போனது. 1995 அரசியல் சட்டத்தின் 40ஆம் பிரிவும் நிலம் அரசுக்கும் மக்களுக்கும் உரியது, விற்கக்கூடாது என்றே சொல்கிறது. ஏழை உழவர் கடனுக்காக நிலத்தை இழக்காமல் இருக்க இது காப்பு. ஆனால் அரசுக்கு வேண்டுமென்றால் பயிருக்கும் கட்டடத்துக்கும் இழப்பீடு தந்து எடுத்துக்கொள்ளலாம். மண்ணுக்கு விலை கிடையாது. பூந்தோட்டங்களும் தொழிற்சாலைகளும் அப்படித்தான் எழுந்தன. பாக்கோ பகுதியில் பல்லாயிரம் ஹெக்டேரைக் குத்தகைக்கு எடுத்தது நம் அண்டை மாநிலத்து பெங்களூரு நிறுவனம் ஒன்று.

ஃபின்ஃபின்னே என்று ஓரோமோ மக்கள் அழைக்கும் தலைநகர் அடிஸ் அபாபாவை, சுற்றியுள்ள ஓரோமியா ஊர்களோடு இணைக்கும் பெருந்திட்டம் 2014இல் வந்தபோது அம்போவில் மாணவர்கள் எதிர்த்தார்கள். 2015 நவம்பரில் கிஞ்சி என்ற சிற்றூரில் மீண்டும் பற்றிய தீ மாநிலம் முழுக்கப் பரவியது. 2016 ஜனவரியில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. போராட்டம் நிற்கவில்லை. அந்த அக்டோபரில் பிஷோப்துவில் இர்ரீச்சா நன்றித் திருவிழாக் கூட்டத்தின் மேல் கண்ணீர்ப்புகை வீசப்பட்டு, நெரிசலில் பலர் மாண்டனர். 2018 பிப்ரவரியில் பிரதமர் ஹைலெமரியம் பதவி விலகினார். எந்தத் தலைவரும் அறிக்கை விட்டு இந்த ஒற்றுமையை உண்டாக்கவில்லை. தன் வயலுக்கு நாளை என்ன ஆகும் என்ற அச்சம், ஊருக்கு ஊர் ஒன்றாக இருந்தது.

ஆட்சி மாறியபின் அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. தலைநகரைச் சுற்றி ஓரோமியா அரசே ஷெகர் நகரம் என்ற புதிய அமைப்பை உருவாக்கியது. அனுமதியற்றவை என்று வீடுகள் இடிக்கப்பட்டன. பள்ளிவாசல்கள் இடிக்கப்பட்டதை எதிர்த்து 2023இல் போராட்டங்கள் வெடித்தன. இடிப்பவர் நம் மொழி பேசுகிறார் என்பது வீடிழந்தவருக்கு ஆறுதல் ஆகாது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2022 ஜூனில் மேற்கு வொல்லேகாவின் தோலே பகுதியில் நூற்றுக்கணக்கான அம்ஹாரா மக்கள் கொல்லப்பட்டார்கள். அரசு விடுதலைப் படையைக் குற்றம் சாட்டியது, படை மறுத்தது. வொல்லேகாவின் அம்ஹாரா மக்களில் பலர் 1980களின் பஞ்சத்தில் அரசு குடியேற்றிய குடும்பங்களின் வழி வந்தவர்கள். மெனெலிக்கின் படைவீரர்களையும் பசிக்குத் தப்பி வந்த உழவர்களையும் ஒரே கணக்கில் எழுதுவது நில உரிமைப் போராட்டம் ஆகாது. உழுபவரின் உரிமை என்று தொடங்கிய ஒன்று, உழுபவரின் இனம் பார்க்கத் தொடங்கினால் தன் வேரையே வெட்டிக்கொள்கிறது.

தெற்கு ஓரோமியாவின் போரானா மேய்ச்சல் நிலத்தில் ஆழ்கிணற்று நீரை எவர் மந்தைக்கு எப்போது விடுவது என்பதைக் கிணற்றைப் பயன்படுத்தும் குலங்களே கூடிப் பேசி முடிவு செய்கின்றன. அந்த முறையில் நாட்டுக்கே பாடம் இருக்கிறது. நிலத்தை எடுக்க ஊர்ச்சபையின் சம்மதம். மண் மதிப்பேறும்போது உழவருக்கும் பங்கு. அங்கே வாழும் எல்லா உழவருக்கும் ஒரே பாதுகாப்பு. இம்மூன்றையும் எழுதிக் கையெழுத்திட ஆயத்தமான கட்சிக்கே ஒற்றுமையைக் கேட்கும் உரிமை உண்டு. மற்றவர்கள் கேட்பது வெறும் கீழ்ப்படிதல்.

- ஆசிரியர் குழு