திரையில் பூண்ட வேடம்



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் மாலை, பங்கு அலுவலகக் கணக்குகளை மூடி வைத்துவிட்டு எழவிருந்த வேளையில் தாய் ஒருவர் நம்மைக் காண வந்தார். ஞாயிறு தவறாமல் கோவிலில் காணும் முகம்தான். ஆயினும் அன்று வாய் திறக்க நெடுநேரம் தயங்கினார். “சாமி, வெளியே சொல்ல வெட்கமாயிருக்கிறது. என் மகன் கைப்பேசி விளையாட்டில் பெண் வேடம் போட்டுக்கொண்டு விளையாடுகிறான்” என்றார்.

மகனுக்கு 16 வயது. 11-ஆம் வகுப்பு மாணவன். நீண்ட கூந்தலும் போர்க்கவசமுமாய் ஒரு பெண் உருவம் திரையில் ஓடுவதையும், அதன் தலைமேல் தம் மகனுடைய விளையாட்டுப் பெயர் மின்னுவதையும் தந்தை கண்டுவிட்டார். உடனே கைப்பேசியைப் பறித்தார். இப்பக்கத்தில் அச்சிடத்தகாத ஒரு சொல்லால் மகனை ஏசினார். அன்றிலிருந்து 3 நாள்களாக மகன் தந்தையோடு பேசவில்லை. ஒன்றாக அமர்ந்து உண்ணவும் இல்லை. “அவன் மனத்தில் ஏதும் கோளாறு இருக்குமோ, சாமி?” என்று கேட்கையில் அத்தாயின் குரல் தழுதழுத்தது.

அக்குடும்பத்தாரின் இசைவு பெற்று, அவர்கள் யாரெனத் தெரியாவண்ணம் சில விவரங்களை மாற்றி இதனை எழுதுகின்றோம். இதே கலக்கம் வேறு வீடுகளிலும் இருக்கக்கூடும் என்பதே காரணம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். அத்தாய்க்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் கற்றோமேயன்றி வீடியோ விளையாட்டைக் கற்றோமில்லை. “ஒரு வாரம் பொறுங்கள், அம்மா. பிறகு தம்பியை அனுப்பி வையுங்கள்” என்று கூறி அனுப்பினோம். அந்த ஒரு வாரமும் இது குறித்துக் கிடைத்தவற்றைப் படித்தோம்; பங்கின் இளைஞர்களிடமும் வினவினோம். அறிந்துகொண்டவை பல.

முதற்கண், இது நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. 1978-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்னும் மாணவர், பலர் ஒரே வேளையில் கூடி ஆடத்தக்க ஒரு கணிப்பொறி விளையாட்டை உருவாக்கத் தொடங்கினார்; ரிச்சர்ட் பார்ட்டில் என்பவர் அதனை வளர்த்தெடுத்தார். அதில் படம் கிடையாது, அனைத்தும் எழுத்தே. பின்னர் இத்தகைய எழுத்து உலகங்கள் பல தோன்றின. அங்கே ஒருவர் ஆணா பெண்ணா என்பது அவர் தம்மைப் பற்றி எழுதிக்கொள்ளும் ஒரு சொல்லைப் பொறுத்ததாயிற்று. எனவே ஆடவர் சிலர் பெண்ணாகவும் பெண்டிர் சிலர் ஆணாகவும் நுழைந்து பார்த்தனர்.

படங்களோடு கூடிய விளையாட்டுகள் வந்தபோது விளையாட்டை ஆக்கியோரே இதற்கு வழி செய்தனர். 1986-இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் ‘மெட்ராய்ட்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதில் வரும் வீரரின் உடல் முழுவதையும் இரும்புக் கவசம் மூடியிருக்கும். விரைந்து ஆடி முடித்தவர்களுக்கு மட்டும் இறுதியில் கவசம் விலகும். உள்ளே இருப்பவர் ஒரு பெண்! அதுவரை தம்மை ஆண் வீரராகவே எண்ணி ஆடிய சிறுவர்கள் வியந்தனர். 1996-இல் இங்கிலாந்தின் டார்பி நகரிலிருந்து ‘டூம் ரைடர்’ வெளிவந்தது. அதன் நாயகி லாரா கிராஃப்ட் என்னும் பெண். அதை ஆடுபவர் வேறு உருவம் கொள்ள வழியில்லை. உலகெங்கும் எண்ணற்ற சிறுவர்கள் அப்பெண்ணாகவே ஓடினர், தாவினர், சுட்டனர். அவர்களை எவரும் ஐயுற்றதாகத் தெரியவில்லை.

அப்படியாயின் ஐயம் எப்போது பிறக்கின்றது? தேர்ந்துகொள்ளும் உரிமை இருக்கும்போது ஒரு சிறுவன் பெண் உருவைத் தேர்ந்தால்தான் பிறக்கின்றது. 2004-இல் வெளியான ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ போன்ற இணைய விளையாட்டுகளில் ஆடுபவரே தம் உருவை ஆணாகவோ பெண்ணாகவோ அமைத்துக்கொள்கிறார். எதைத் தேர்ந்தாலும் வலிமையில் வேறுபாடு இல்லை. இவ்விளையாட்டை ஆடிய 375 பேரை ரோசா மிக்கேல் மார்ட்டி என்னும் அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2014-இல் முடிவை வெளியிட்டனர். ஆடவரில் 23 விழுக்காட்டினர் பெண் உருவையும், பெண்டிரில் 7 விழுக்காட்டினர் ஆண் உருவையும் தேர்ந்திருந்தனர். நான்கு ஆடவருக்கு ஏறத்தாழ ஒருவர் என்றால், இது எங்கோ ஒருவர் செய்யும் விந்தையன்று என்பது விளங்கும்.

இதற்குக் காரணம் யாது? இளைஞர்கள் நமக்குக் கூறியவையும் நூல்களில் கண்டவையும் பெரிதும் ஒத்தே இருந்தன.

முதலாவது காரணம் மிக எளியது. பல விளையாட்டுகளில் ஆடுபவர் தம் உருவத்தைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே ஆட வேண்டும். மணிக்கணக்காகப் பார்க்கும் உருவம் தம் கண்ணுக்கு அழகாயிருக்கட்டும் என்று எண்ணுகிறார்கள். இவர்களுக்கு அவ்வுருவம் ‘நான்’ அன்று. கையிலுள்ள ஒரு பொம்மை. இதில் பெண்ணைக் காட்சிப் பொருளாக்கும் குறை உண்டு. அதைப் பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பெற்றோர் அஞ்சும் காரணம் இதில் இல்லை.

இரண்டாவது, ஆதாயம். பெண் உருவில் வருபவருக்கு உதவியும் பரிசும் எளிதில் கிடைக்கும் என்று பலர் கருதுகின்றனர்.

மூன்றாவது, கதையின்பால் உள்ள விருப்பம். கதை எழுதுவோன் தன்னைப் போன்றவரை மட்டுமா படைக்கின்றான்? நம் கடற்கரைப் பங்குகளில் முன்னாளில் நாட்டுக்கூத்து நடந்தபோது பெண் பாத்திரங்களையும் ஆடவரே ஏற்றனர். இரவெல்லாம் ஞானசௌந்தரியாய் நின்று காண்போரைக் கலங்க வைத்தவர், பொழுது விடிந்ததும் வலையைத் தோளிலிட்டுக் கடலுக்குச் சென்றார். ஊரார் அவரைப் பழிக்கவில்லை. அடுத்த ஆண்டும் அவரையே அழைத்தனர்.

நான்காவதாக ஒன்றையும் மறைக்காமல் கூற வேண்டும். மிகச் சிலருக்கு இது வெறும் விளையாட்டன்று. ‘நான் யார்’ என்று தம்முள் நெடுநாளாக எழும் கேள்விக்கு அச்சமின்றி விடை தேட அவர்களுக்குக் கிடைத்த ஓரிடம் அது. அத்தகைய பிள்ளை நம் வீட்டில் இருப்பின் அவனுக்கோ அவளுக்கோ வேண்டுவது வசைச்சொல் அன்று. பொறுமையாகக் கேட்கும் செவியே. வீட்டில் அச்செவி கிடைக்காவிடில் பிள்ளை அதனை வெளியே தேடும். எத்தகையோரிடம் தேடும் என்பதை நாம் அறியோம்.

மேற்கூறிய 2014-ஆம் ஆண்டின் ஆய்வு வேறொன்றையும் கண்டது. பெண் உருவில் ஆடிய ஆடவர் தம் பேச்சில் உணர்ச்சிச் சொற்களையும் வியப்புக் குறிகளையும் சற்று மிகுதியாக இட்டனர். ஆனால் நடமாட்டத்தில் பழைய ஆளாகவே இருந்தனர்: கூட்டத்தை விட்டு விலகி நிற்பதும், அடிக்கடி துள்ளிக் குதிப்பதும் பெண்டிரைவிட அவர்களிடம் மிகுதி. பிறர் தம்மைப் பெண்ணென நம்ப வேண்டும் என்று அவர்கள் பெரிதும் முயன்றதாகத் தெரியவில்லை.

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு அச்சிறுவனின் வரவுக்குக் காத்திருந்தோம். வந்தவன் தலை நிமிரவில்லை. ‘ஏன் பெண் வேடம் போட்டாய்?’ என்று நாம் கேட்கவில்லை. “தம்பி, அந்த விளையாட்டை எனக்குச் சற்றுக் கற்றுத் தருவாயா?” என்றுதான் கேட்டோம். ஐயத்தோடு நம் முகத்தைப் பார்த்தான். பின்பு நம் கைப்பேசியிலேயே அதனை இறக்கிக் காட்டினான். பத்து நிமிடத்தில் நாம் ஆறு முறை மாண்டோம். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதன்பின் தானாகவே பேசினான். விழாக் காலப் பரிசாக ஓர் அழகிய உடை கிடைத்ததாம். அது பெண் உருவத்துக்கு மட்டுமே பொருந்துமாம். அதற்காகத்தான் மாற்றினானாம். இவ்வளவுதான் காரணம்! ஆனால் மாற்றிய பின் நடந்ததை அவன் எதிர்பார்க்கவில்லை.

“ஃபாதர், என்னைப் பெண் என்று நினைத்துக்கொண்டு முன்பின் தெரியாதவர்கள் வலிய வந்து உதவினார்கள். பிறகு தொலைபேசி எண் கேட்டார்கள். புகைப்படம் கேட்டார்கள். தர முடியாது என்றதும் கேட்கக் கூசும் வார்த்தைகளால் திட்டினார்கள்.”

1993-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்வு மாணவியாயிருந்த ஏமி ப்ரக்மன், அந்நாளைய எழுத்து விளையாட்டுகளைக் குறித்து எழுதிய கட்டுரையில் இதையேதான் கண்டிருந்தார். பெண் பெயரோடு வருபவரைக் கேளாத உதவி சூழ்ந்துகொள்கிறது. அவ்வுதவிக்குப் பின்னே கைம்மாறு எதிர்பார்க்கும் உள்ளமும் நிற்கிறது. பெண் வேடமிட்ட ஆடவர் பலர் இதனை அங்கேதான் முதன்முதலாக உணர்ந்தனர். ஆண்டுகள் பல உருண்டோடியும் நம் பங்கின் சிறுவன் ஒருவன் அதே பாடத்தைக் கற்று வந்து நம்முன் அமர்ந்திருந்தான்.

“இது உனக்கு வியப்பாயிருந்ததா?” என்றோம்.

சற்று நேரம் மௌனமாயிருந்தான். “அக்கா முன்பே சொல்லியிருக்கிறாள், ஃபாதர். நான்தான் நம்பவில்லை. எனக்கு முன்பிருந்தே அவள் இதை விளையாடுகிறாள். ஆண் உருவம், ஆண் பெயர். ஒருநாளும் வாய் திறந்து பேசமாட்டாள். குரல் கேட்டால் பெண் என்று தெரிந்துவிடுமே!”

நாம் திடுக்கிட்டோம். ஒரே வீட்டில் தம்பி பெண் உருவில் ஆடுகிறான். அது வீட்டையே உலுக்கிவிட்டது. அக்காள் ஆண் உருவில் ஆடுகிறாள். அது எவர் கண்ணுக்கும் படவில்லை. தம்பி பூண்டது ஓர் உடைக்காக. அக்காள் பூண்டதோ அச்சத்துக்காக. உண்மையில் நாம் கவலையோடு கேட்டிருக்க வேண்டியது யாரைப் பற்றி?

அக்காளின் செய்தியைப் பெற்றோரிடம் கூறுவது நம் வேலையன்று. அவனுடைய வேலையும் அன்று. “அக்காளே அம்மாவிடம் சொல்லட்டும். நீ அவளோடு நில்” என்று மட்டும் சொன்னோம். அவள் சொன்னாள். தந்தையின் காதுக்கும் அது எட்டிற்று. அவர் கை இரண்டாவது கைப்பேசியையும் பறித்துவிடுமோ என்று அஞ்சியே அவரை அழைத்துப் பேசினோம். அவர் தீயவர் அல்லர். பிள்ளைகளுக்காகவே உழைத்துக் களைத்தவர். “பறிப்பது எளிது. இன்றிரவு அரைமணி நேரம் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்” என்றோம். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் வந்தார். “எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, சாமி. ஆனால் இரண்டு பேரும் மாறி மாறி விளக்கினார்கள்” என்றார். அவ்வளவே சொன்னார், நமக்கு அது போதுமானதாயிருந்தது.

பெற்றோரே, பிள்ளைகள் எவ்வளவு நேரம் ஆடுகிறார்கள், எவ்வளவு பணம் செலவிடுகிறார்கள், யாரோடு பேசுகிறார்கள் என்பவற்றைக் கண்காணிப்பது உங்கள் கடமை. முன்பின் அறியாதவருக்குத் தொலைபேசி எண்ணையும் படத்தையும் தரலாகாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். வேடத்தைக் கொண்டு பிறரை ஏமாற்றிப் பொருளோ அன்போ பறிப்பது பொய்யே என்பதையும் உணர்த்துங்கள். ஆனால் திரையிலுள்ள உருவத்தைக் கண்ட மாத்திரத்தில் பிள்ளையின் உள்ளத்தை எடை போடாதீர்கள். அது ஓர் உடைக்காக இருக்கலாம், கதைக்காக இருக்கலாம், சொல்ல அஞ்சும் ஏதோவொன்றுக்காகவும் இருக்கலாம். கேட்டாலன்றி எவ்வாறு தெரியும்?

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு சொல். பெண் உருவில் ஆடியபோது உங்களுக்கு நேர்ந்த தொல்லையை உருவத்தை மாற்றி முடித்துக்கொள்ள உங்களால் முடியும். உங்கள் சகோதரிக்கு அது முடியாது. அந்தச் சிறுவன் இப்போது, தன் குழுவில் யாரேனும் ஒரு பெண்ணை ஏசினால் அவரைக் குழுவினின்று நீக்கிவிடுகிறானாம். அவனுடைய அக்காள் சென்ற வாரம் முதன்முறையாக, விளையாட்டினிடையே தன் சொந்தக் குரலில் பேசினாளாம். அத்தாயே இச்செய்தியைக் கொண்டு வந்தார். அன்று அவர் தயங்கவில்லை.