மூன்றாம் நாள் புகார்

14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கம் நடப்பவர்கள் வழியெங்கும் நாய்களைக் காணலாம். இரக்கமுள்ள குடும்பத்தார் சிலர் அவற்றில் ஒன்றை வீட்டுக்கு அழைத்துச் சென்று வளர்க்கவும் முற்படுகிறார்கள். மெத்த நல்ல காரியம். ஆனால் மூன்றாம் நாளே, "இவ்வளவு சோறு போட்டும் கட்டிலுக்கடியை விட்டு வரமாட்டேன் என்கிறதே, நன்றி கெட்ட ஜன்மம்!" என்று புகார் கிளம்பிவிடுகிறது. நாய் நன்றியுள்ள பிராணி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பவர்கள் நாம்தான். அந்த நன்றி மூன்று நாளில் வந்து சேரும் என்று எந்த வகுப்பிலும் நாம் சொன்னதில்லை.

இந்த விஷயத்தில் நமக்குப் பாடம் கற்பிக்கக்கூடிய நாய் ஒன்று இதே மலையில் இருந்தது. ரமண மகரிஷி 1899 முதல் 1916 வரை விரூபாக்ஷ குகையில் வசித்தார். அக்காலத்தில் கறுப்பாக ஏதோ ஒன்று தூரத்தில் கடந்து போகுமாம். சில சமயம் புதருக்கு மேல் தலை மட்டும் தெரியும். சின்னக் கறுப்பன் என்று அதற்குப் பெயர். குகையிலிருந்தவர்கள் அதைத் துரத்திப் பிடிக்கவில்லை. அது இருக்குமிடத்தருகே உணவை வைத்துவிட்டு அகன்றுவிடுவார்கள். ஒரு நாள் அவர்கள் மலையேறும்போது அதுவாகவே பாதையில் குதித்து வந்து, மகரிஷியின் மேல் தாவி வாலைக் குழைத்தது. பிறகு அங்கேயே தங்கி, வருவோர் போவோர் மடியிலெல்லாம் ஏறிப் படுக்கலாயிற்று. மகரிஷியே பிற்காலத்தில் சொன்ன வரலாறு இது.

உணவை வைப்பது எளிது, அகல்வதுதான் கஷ்டம். சோறு வைத்தவருக்குத் தலையைத் தடவிக் கொடுக்க ஆசை வருகிறது. கல்லடி பட்ட நாய்க்கோ தலைக்கு மேல் உயரும் கையெல்லாம் கல்லெறியும் கைதான். ஆகையால் சந்தடியில்லாத மூலையொன்றில் சாக்கை விரித்து, தண்ணீர் வைத்து, நாள்தோறும் ஒரே வேளையில் உணவிட்டு விலகிவிட வேண்டும். அருகே உட்கார்ந்தால் பக்கவாட்டில் உட்காருங்கள். கண்ணுக்குள் உற்று நோக்காதீர்கள். அது தானே வந்து கையை மோந்த பிறகு மார்பையோ கழுத்தையோ வருடலாம். சில நாய்களுக்கு இதற்கு வாரங்கள் ஆகும், சிலவற்றுக்கு மாதங்கள். இரண்டு நாளாகியும் உணவைத் தொடாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது அவசியம். வெறிநோய்த் தடுப்பூசியையும் அவரிடமே போட்டுவிடலாம்.

உறுமினால் அடிக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் அடுத்த தடவை எச்சரிக்காமலே கடிக்கும். குழந்தைகளுக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும். தீபாவளி வெடிச் சத்தத்துக்கும் கார்த்திகை தீபக் கூட்டத்துக்கும் மிரண்டு ஓடும் நாய், புது வீட்டுக்குத் திரும்ப வழி அறியாது. அந்நாட்களில் கதவு சாத்தியிருக்கட்டும்.

சின்னக் கறுப்பன் விஷயத்துக்கு வருவோம். குகையருகே வில்வ மரத்தடியில் ஆசாரசீலர் ஒருவர் ஜபம் செய்துகொண்டிருந்தார். நாய் அவரிடமும் சிநேகம் கொண்டாடப் போயிற்று. அவர் மனம் கோணக் கூடாதே என்று ஆசிரமவாசி ஒருவர் கம்பை எடுத்து ஓர் அடி கொடுத்தார்; பலமான அடி கூட அல்ல. அலறிக்கொண்டு ஓடிய நாய் அதன் பிறகு ஆசிரமத்துக்கு வரவேயில்லை.