வயதான பூனை அதிகம் தண்ணீர் குடித்தால்...

வயதான பூனை வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கத் தொடங்கினால், ‘வெயில் காலம், தாகம் எடுக்கிறது’ என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். ஐப்பசி அடைமழையிலும் அது அப்படியே குடிக்கும்போதுதான் சந்தேகம் எழுகிறது. அதற்குள் உடம்பு இளைத்து, தடவிக்கொடுக்கும் கைக்கு முதுகெலும்பு தட்டுப்படத் தொடங்கிவிடும். பத்து வயதைக் கடந்த பூனைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை மருத்துவரிடம் வருவது நோய் முற்றிய பிறகே.

வீட்டுப் பூனையின் மூதாதை, வறண்ட நிலத்தில் வாழ்ந்த காட்டுப்பூனை. கிடைக்கும் சொற்ப நீரை உடலிலேயே தக்கவைத்து, சிறுநீரை மிகவும் அடர்த்தியாக வெளியேற்றும் திறமை அதன் வழியே வந்தது. மனிதரின் ஒரு சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நுண்ணலகுகளான நெஃப்ரான்கள் சுமார் 10 லட்சம் என்றால், பூனையின் சிறுநீரகத்தில் சுமார் இரண்டு லட்சம்தான். அழிந்த நெஃப்ரான் மறுபடி முளைப்பதில்லை. மிஞ்சியவை கூடுதல் சுமையைச் சுமக்கின்றன. அதனால்தான் நெடுநாள் வெளியே ஒன்றும் தெரிவதில்லை. செயல்திறனில் முக்கால் பங்கு போன பிறகே ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் தெளிவாக உயரும். அதற்கு முன்பாகவே பெரும்பாலான பூனைகளில் சிறுநீர் நீர்த்துப்போகத் தொடங்கும். இழக்கும் நீரை ஈடுகட்டத்தான் பூனை ஓயாமல் குடிக்கிறது. ‘அடிக்கடி சிறுநீர் கழிக்கிறதே’ என்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைப்பது அதற்குச் செய்யும் பெரும் தீங்கு.

‘கிட்னி ஃபெயிலியர்’ என்ற சொல்லை எங்கள் துறையினர் யோசித்துப் பயன்படுத்த வேண்டும். அதைக் கேட்டதும் டயாலிசிஸ், மரணம் என்ற இரண்டைத் தவிர வேறெதுவும் வீட்டாருக்குத் தோன்றுவதில்லை. பலர் சிகிச்சையைத் தொடங்காமலேயே பூனையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். சர்வதேசச் சிறுநீரக ஆர்வலர் சங்கமான ‘ஐரிஸ்’ இந்நோயை நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறது. கிரியேட்டினின் 1.6 முதல் 2.8 வரை இரண்டாம் நிலை. 5 வரை மூன்றாம் நிலை. அதற்கு மேல் நான்காவது. இரண்டாம் நிலையில் கண்டறியப்படும் பூனைகள் இரண்டு, மூன்று ஆண்டுகள் நன்றாக வாழ்வது சாதாரணம். நான்காம் நிலையில் தெரியவந்தால் பெரும்பாலும் சில மாதங்கள்தான். மெலிந்த பூனைக்குத் தசை குறைவு என்பதால் கிரியேட்டினின் பொய்யாகக் குறைத்துக் காட்டும், அங்கே எஸ்.டி.எம்.ஏ. என்ற பரிசோதனை கைகொடுக்கும். ஒற்றை எண்ணை வைத்துத் தீர்ப்பு சொல்லிவிடக் கூடாது.

சிகிச்சையின் மையம் உணவுத் தட்டில் இருக்கிறது. பழுதான சிறுநீரகத்தால் பாஸ்பரஸை வெளியேற்ற முடிவதில்லை. ரத்தத்தில் தேங்கும் பாஸ்பரஸ் ஹார்மோன் சமநிலையைக் குலைக்கிறது, எலும்பிலிருந்து கால்சியத்தை உருவுகிறது, மிஞ்சியிருக்கும் நெஃப்ரான்களையும் அரிக்கிறது. நம் வீடுகளில் பூனைக்குப் போடும் மீன் தலை, முள், நெத்திலிக் கருவாடு எல்லாமே பாஸ்பரஸ் மிகுந்தவை. கருவாட்டில் உப்பும் சேர்கிறது. 2000ஆம் ஆண்டு பிரிட்டனில் வெளியான ஆய்வு ஒன்றில், பாஸ்பரஸும் புரதமும் குறைத்த சிறுநீரக உணவை ஏற்றுக்கொண்ட பூனைகள் நோய் தெரிந்த பிறகு இடைநிலை அளவாக 633 நாட்கள் வாழ்ந்தன. அதை உண்ணாதவை 264 நாட்கள். 2006இல் அமெரிக்காவில் 45 பூனைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். சிறுநீரக உணவு தின்ற பிரிவில் ஒன்றுகூட அந்நோயால் சாகவில்லை. எந்த ஊசிக்கும் இந்த அளவு சான்று கிடையாது.

இந்த உணவின் விலை நடுத்தரக் குடும்பத்துக்குக் கனமானது என்பதை அறிவேன். பல பூனைகள் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும் என்பதும் தெரிந்ததே. வாந்தியும் குமட்டலும் இருக்கும் நாளில் புது உணவை நீட்டினால், பூனை அதை ஜென்மத்துக்கும் தொடாது. குமட்டலைத் தணித்த பிறகு, பழைய உணவோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, சில வாரங்களில் மாற்ற வேண்டும். ‘பசித்தால் தானே தின்னும்’ என்ற நினைப்பு பூனை விஷயத்தில் உயிரையே பறிக்கும். சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. சிறுநீரக உணவை ஒரேயடியாக மறுத்தால், தின்பதைத் தின்னட்டும். பாஸ்பரஸைப் பிடித்துவைக்கும் மருந்தை அந்த உணவிலேயே கலந்து கொடுக்க வழி இருக்கிறது. எலும்பில்லாத கோழிக்கறியும் முட்டை வெள்ளைக்கருவும் தற்காலிகத் துணை. அவை மட்டுமே மாதக்கணக்கில் போதாது.

அடுத்தது ரத்த அழுத்தம். நேற்றுவரை மதில் மேல் நடந்த பூனை இன்று திடீரெனக் கண் தெரியாமல் சுவரில் முட்டுகிறது என்றால், உயர் ரத்த அழுத்தத்தால் விழித்திரை கழன்றிருக்கலாம். 160க்கு மேல் தொடர்ந்து இருந்தால் சிகிச்சை தேவை. நாம் சாப்பிடும் ஆம்லோடிபின் மாத்திரையிலேயே, மருத்துவர் அளவிட்டுத் தரும் சிறு துண்டு போதும். செலவு மிகக் குறைவு. ஆனால், பூனையின் முன்னங்காலில் சுற்றி அளக்கும் கருவி பல கிளினிக்குகளில் இல்லை. ஸ்கேன் கருவிக்கு லட்சங்களைச் செலவிடும் நாம் இதை வாங்காமல் இருப்பதற்கு நியாயமே இல்லை.

நீரிழப்பு உள்ள பூனையை வாரந்தோறும் கூண்டில் அடைத்து டிரிப்ஸ் ஏற்றுவதைவிட, தோலுக்கடியில் ரிங்கர் லாக்டேட் ஏற்றும் முறையை வீட்டாருக்கே கற்றுத்தரலாம். பெரும்பாலோர் விரைவில் பழகிக்கொள்கிறார்கள். இதய நோய் உள்ள பூனைக்கு மட்டும் இதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

வீட்டு வைத்தியம் பற்றியும் சொல்லியாக வேண்டும். மனிதருக்குச் சொல்லப்படும் நெருஞ்சில் கஷாயத்தைப் பூனைக்குப் புகட்டுகிறார்கள். ஏற்கெனவே நீரை இழந்து தவிக்கும் உடம்பிலிருந்து மேலும் நீரை வெளியேற்ற முயல்வது எந்த விதத்தில் மருத்துவம்? வலிக்கு டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் கொடுத்தால் மிச்சச் சிறுநீரகமும் போகும். பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். பூங்கொத்தில் வரும் லில்லிப் பூவின் இலையை, மகரந்தத்தை நக்கினாலே ஆரோக்கியமான இளம் பூனைக்கும் சில நாட்களில் சிறுநீரகம் செயலிழக்கலாம். பூனை உள்ள வீட்டில் லில்லி வேண்டாம்.

ஏழு வயதைக் கடந்த பூனைக்கு ஆண்டுக்கு ஒரு முறை ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம் மூன்றையும் பார்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. சிறுநீரின் அடர்த்தியைப் பார்க்க ஒரு சொட்டும், கையடக்கமான ஒரு கருவியும் போதும், 1.035க்குக் கீழே இருந்தால் மேலே தேட வேண்டும் என்று பொருள். ஆண்டுதோறும் செப்டம்பர் 28 உலக ரேபிஸ் நாளையொட்டி நடக்கும் தடுப்பூசி முகாம்களுக்கு நாய்களோடு பூனைகளும் வருகின்றன. அங்கே வயதான பூனைகளை எடை போட்டுக் குறித்துக்கொடுத்து, இளைத்தவற்றை மாவட்டக் கால்நடைப் பன்முக மருத்துவமனைக்கு அனுப்பலாம். இதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. கால்நடைப் பராமரிப்புத் துறை வரும் செப்டம்பரிலேயே இதைத் தொடங்க வேண்டும்.

கட்டுரையாளர்: செல்லப்பிராணிகளுக்குச் சிகிச்சை அளிக்கும் கால்நடை மருத்துவர்.