பேர் வெட்ட விடாதீர்கள்

மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு சகோதரிக்கு ஒரு நாள் ஒரு கண் மங்கியது. சில வாரங்களில் தெளிந்தது. அடுத்த ஆண்டு கால் மரத்துப்போய், மேட்டில் ஏற முடியவில்லை. "நேத்து நல்லாத்தானே இருந்த, இன்னைக்கி என்னா நடிப்பு?" என்று கங்காணி கேட்டார். லயத்திலும் சிலர் அப்படித்தான் பேசினார்கள். கண்டி வைத்தியசாலையில் எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகே மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் என்று தெரிந்தது. அவருக்கு வயது 32. பிள்ளைகள் இருவரும் நம் பாடசாலையில் படிக்கிறார்கள்.

உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் முள்ளந்தண்டிலும் உள்ள நரம்புகளின் உறையைத் தாக்குவதுதான் இந்த நோய். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். வரும், தணியும், மறுபடி வரும். தாங்க முடியாத களைப்பு இருக்கும், வெயிலில் கூடும். வெளியே காயம் தெரியாது. அதனால்தான் நடிப்பு என்கிறார்கள். முழுதாகக் குணமாக்க மருந்து இல்லை. ஆனால் நோய் முற்றுவதைத் தாமதப்படுத்தும் மருந்துகள் உண்டு. அவற்றில் மூன்றை 2023இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசு இல்லை என்பது உண்மை. ஆனால் மருந்து கைவசம் இல்லாத மாதம் வெளியில் வாங்க வேண்டும். பஸ் காசு வேண்டும். கிளினிக் போகும் நாளுக்குப் பேர் இல்லை. பேர் இல்லாத நாளுக்குச் சேமலாப நிதியும் சேராது. நோய் ஒரு பக்கம் தின்ன, சம்பளச் சீட்டு மறுபக்கம் தேய்கிறது.

இந்த நேரத்தில்தான் தோட்ட அலுவலகத்தில் ஒரு தாளை நீட்டினார்கள். "விலகல் கடிதம் குடுத்துட்டா சேமலாபப் பணத்தை எடுத்துக்கலாம்" என்றார்கள். கையெழுத்துப் போடுமுன் அவருடைய கணவர் அந்தத் தாளை நம்மிடம் கொண்டுவந்தார். நல்ல வேளை!

தோழர்களே, இதை நன்றாக மனதில் வையுங்கள். ஊழியர் சேமலாப நிதியைப் பொதுவாகப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும்தான் பெறலாம். 32 வயதில் சும்மா விலகினால் பணம் கைக்கு வராது. நிரந்தரமாக, முழுமையாக வேலை செய்ய முடியாது என்ற வைத்திய அத்தாட்சியோடு விலகினால் வயதைப் பார்க்காமல் பெறலாம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியிலும் நிரந்தர இயலாமைக்குக் காப்புறுதி உண்டு. பங்களிப்பு நடந்துகொண்டிருக்கும் ஊழியருக்கே அது கிடைக்கும். ஐந்து ஆண்டு சேவை முடித்தவருக்கு, ஓர் ஆண்டுக்கு 14 நாள் சம்பளம் வீதம் பணிக்கொடை உண்டு. ஆகவே அத்தாட்சி முதலில், கையெழுத்து பிறகு. பேர் வெட்ட யார் சொன்னாலும் சங்கத்திடம் காட்டாமல் ஒப்பமிடாதீர்கள்.

வேறு வழிகளும் உண்டு. ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. எந்தச் சிகிச்சைக்கு உதவி உண்டு என்று அங்கே முதலில் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதற்குக் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் பதிய வேண்டும்.

லயத்துக்கு வந்து காப்புறுதி விற்பவர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தருவீர்களா?" பெரும்பாலும் தரமாட்டார்கள். நோயை மறைத்துச் சேர்ந்தால் கட்டிய காசும் வீணாகலாம்.

உதவி கைநழுவுவது பெரும்பாலும் தாளில்தான். பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், சேமலாப நிதிக் கணக்கில் மூன்றாவது பெயர். நோய் வந்த பிறகு திருத்த ஓடுவதைவிட இன்றே எடுத்துப் பாருங்கள். கிளினிக் கொப்பி, எம்.ஆர்.ஐ. அறிக்கை, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே கோவையில் போட்டு வையுங்கள். சிங்களப் படிவம் கொடுத்தால் தமிழில் கேளுங்கள். 1987 முதல் தமிழும் அரச கரும மொழி. யாருடைய தயவும் அதற்கு வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. ஒவ்வொரு தோட்டத்திலும் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் நீண்டகால நோயாளிகளின் பட்டியலை எழுதுங்கள். படிவம் நிரப்ப, சனிக்கிழமை பின்னேரம் பாடசாலையில் நாம் உட்காருகிறோம். நிர்வாகங்களிடம் இரண்டு கோரிக்கைகள் வைக்கிறோம்: கிளினிக் அட்டை காட்டினால் அந்த நாளுக்குப் பேர் போடுங்கள். மேட்டில் ஏற முடியாதவருக்குப் பேர் வெட்டாமல் இலேசான வேலை கொடுங்கள்.

அந்தச் சகோதரி கையெழுத்துப் போடவில்லை. அவருடைய பேர் இன்றும் செக்ரோலில் இருக்கிறது. அவருக்குப் பிள்ளைமடுவத்தில் வேலை கேட்டிருக்கிறோம். பதில் வரும்வரை விடமாட்டோம். இனி யாராவது நடக்கத் தடுமாறினால், நடிப்பு என்று சொல்லுமுன் ஒரு நிமிடம் யோசிப்போம்.